பதினோரு இடத்தில் சொன்ன ஆசை

அன்புள்ள சுண்டுவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள். நேற்றுத்தான் போனில் பேசினோம், இன்றைக்கு இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிக் கூரியரில் போடுகிறாளே அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று நீ பயந்துவிடாதே. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இருமல் காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். நேற்று உன் மூக்கு அடைத்த மாதிரி இருந்தது. சளியா என்று கேட்டேன், இல்லை என்றாய், அழுதாயா என்று கேட்டேன், அதற்கும் இல்லை என்றாய். இரண்டில் ஒன்று பொய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து நின்று ஸ்பீக்கரில் போடு ஸ்பீக்கரில் போடு என்கிறார், உன் பக்கம் விடுதி வார்டன் மேஜைக்கு முன்னால் நின்று பேசுகிறாய், இந்த விஷயத்தை நாலு காதுக்கு நடுவில் சொல்ல முடியாது. அதுவுமில்லாமல் வாயால் பேசினால் எனக்குப் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பது உனக்கே தெரியும். காகிதத்தில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நீ போன வாரம் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பதினோரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாய். அதில் இரண்டு இடத்திலிருந்து, உங்கள் தரப்பிலிருந்து கிடைத்த தகவலின்படி விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது, நன்றி, என்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி பதில் வந்திருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லையே அம்மா என்று நீ குரல் உடைந்து கேட்டாய். நானும் சொல்லவில்லை. அப்படியென்றால் நம் தரப்பு என்று இன்னொரு தரப்பு யார்? அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஸ்கேன் சென்டரின் பின்னறையில் உட்கார்ந்து ரிப்போர்ட் டைப் செய்கிறவள் நான், டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக்கொண்டு எழுத்தாக்குவதுதான் என் பிழைப்பு, சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று யார் யாருடைய வயிற்றுக்கோ நெஞ்சுக்கோ அடித்துக்கொண்டிருந்தேன், எனக்குள்ளே சந்தேகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

முதலில் ஃபைல் அண்ணன் மேல்தான் போயிற்று. அப்பாவின் கம்பெனியில் யாரோ அறிமுகப்படுத்தினார்களே, கல்லூரியில் இடம் வாங்கித் தருகிற ஆலோசகர், கலர் கலராகப் பிளாஸ்டிக் ஃபைல் வைத்திருப்பாரே, அவர். உனக்குப் பதினொன்று போதாது, இருபத்துநாலு போடணும், நிறையப் போட்டால்தான் சேஃப்டி என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். நீ பாறையும் மண்ணும் படிக்கப்போகிறேன் என்றபோது, "பாறையப் படிச்சு என்னம்மா பண்றது, பாறை மாசாமாசம் சம்பளம் குடுக்குமா?" என்று சிரித்தவர். அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒரே கண்ணாடிக் கட்டிடக் கல்லூரி இரண்டு பெயரில் இரண்டு தடவை இருந்தது, அங்கே பாறைப் படிப்பே கிடையாது என்பதை நான் அப்போதே கவனித்தேன், வாய் திறந்து கேட்கத்தான் இல்லை. உன் பாஸ்வேர்டை வேறு கேட்டார். நீ கொடுக்கவில்லை என்றாய், ஆனால் அப்பா எதையும் யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டாரே என்று எனக்கு ஒரு உதறல். அதனால் ஒரு டீ குடிக்க வாங்க என்று அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கல்லூரியில் முடித்துவிட்டார்களாமே என்று மெதுவாகப் போட்டேன். எந்த ரெண்டு என்று கேட்டார். சொன்னேன். முகம் தொங்கிவிட்டது. அந்த இரண்டிலும் தனக்குத் தெரிந்த ஆள் இருப்பதாக நாலு வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார் போல, டீயைப் பாதியில் வைத்துவிட்டார். அவ்வளவு நன்றாக நடிக்கத் தெரிந்தவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையவேண்டியதில்லை. இந்த விஷயத்தில் அவர் குற்றவாளி இல்லை, அதற்காக நல்லவர் என்று அர்த்தமில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிடு.

அடுத்தது எங்கள் அறையில் கதவோரமாக உட்காரும் அக்கா. அவருடைய மகனும் இந்த வருஷம் பள்ளி முடிக்கிறான். எத்தனை போட்டா, எது எது போட்டா என்று தினமும் கேட்பார், எத்தனை என்று யார்கிட்டயும் சொல்லாதே, கண்ணு படும் என்றும் அவரே சொல்வார், சொல்லிவிட்டு மறுபடி கேட்பார். ஒருநாள் நாலு என்று சொல்லிப் பார்த்தேன். "பொய் சொல்லவும் பழகிக்கணும்டி, உனக்கு வரல" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஆனால் அவருக்கு உன் கல்லூரிகளின் பெயர் தெரியாது, நான் சொல்லவே இல்லை, அதனால் அவரையும் விட்டுவிட்டேன். மூன்றாவதாக யாரைச் சந்தேகப்பட்டேன் என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். உன்னைத்தான். நீ வாக்கியத்துக்கு ஒரு தடவை சொல்கிறாயே ஒரு தோழி, அவள் அந்த இரண்டு கல்லூரிக்கும் போடவில்லை என்று நீதான் ஒருமுறை சொன்னாய். இரண்டு பேரும் பிரியாமல் இருக்க நீயே மூடிவிட்டு எங்களிடம் அழுகிறாயோ என்று ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டேன். காலையில் வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையையே உளவு பார்க்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இதில் ஒன்று சொல்லவேண்டும். எத்தனை கல்லூரிக்குப் போடுவது, எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று கேட்க நம் வீட்டில் ஆள் கிடையாது. அப்பா வழியிலும் இல்லை, என் வழியிலும் இல்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினேன், அதுதான் இரண்டு குடும்பத்துக்கும் முதல் பட்டம். நான் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போட்டேன். இன்னொன்றுக்கும் போடலாம் என்பதே எனக்குத் தெரியாது, ஒரு பெண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் சம்பந்தம் பேசுகிற மாதிரி அது தப்பு, தெரிந்தால் இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்தேன் என்றால் அப்பா எப்படி நினைத்திருப்பார் என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும், யோசிக்கவில்லை. நீ கல்லூரிகளுக்கு எழுதிய கட்டுரையை அனுப்பினாயே, அதை நான் சாப்பாட்டு மேஜையில் வைத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் கல்லூரியில் படிப்பதுதான் என் நெடுநாள் ஆசை என்று முடித்திருந்தாய். இதே வரிதான் எல்லாருக்குமா என்று கேட்டார். ஆமாம், பெயர் மட்டும் மாறும் என்றேன். ஒன்றும் பேசாமல் கை கழுவப் போய்விட்டார். பெருமையில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா கூடத்தில் செய்தித்தாளை விரித்து ஒரு லிஃப்ட்டின் கதவு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கை முழுக்க கிரீஸ். போன் அடித்தது, புது நம்பர். கொஞ்சம் அழுத்திப் பிடியேன் என்றார். நான் ஸ்பீக்கரை அழுத்தி அவர் வாய்க்கு நேராக நீட்டினேன், என்னைப் பேசச் சொல்லாதவரை எனக்கென்ன. ஒரு பெண் குரல், நிதானமான குரல். எந்தக் கல்லூரி என்று சொன்னதும் நானும் போனுக்குக் கிட்டே குனிந்துகொண்டேன். உன் மலையடிக் கல்லூரி. பிள்ளைகளை வாரக்கணக்கில் மலைக்குக் கூட்டிப்போய்ப் பாறையைத் தட்டிப் பார்க்க வைப்பார்கள் என்று நீ சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்ட கல்லூரி. கடைசிச் சுற்றில் உன் பெயர் இருக்கிறதாம், உனக்கு இன்னும் விருப்பம் இருக்கிறதா, இவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் சம்மதமா என்று பெற்றோரிடம் கேட்பது அவர்கள் வழக்கமாம். அப்பா கிரீஸ் கையை மடியில் வைத்துக்கொண்டு, மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "உண்மையச் சொல்லிடறேம்மா. எம் பொண்ணு பதினோரு எடத்துல போட்டிருக்கா. எல்லார்கிட்டயும் உங்ககிட்ட வர்றதுதான் ஆசைன்னு எழுதியிருக்கா. உங்ககிட்டதான் வருவான்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. எங்களுக்காக ஒரு எடத்தப் பிடிச்சு வெச்சிருக்காதீங்க, வேற யாராவது புள்ளைக்கு உதவும்."

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் விளங்கியது. ஆளைத் தேடி நான் ஊரெல்லாம் கண் வைத்துக்கொண்டிருந்தேன், ஆள் என் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண் சரிங்க என்று சொல்ல ஆரம்பித்தார், அந்தச் சரிங்க முடிவதற்குள் நான் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். என்ன செய்கிறோம் என்று யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன். "நான் அவளோட அம்மா பேசறேன். அவ வருவா" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் லேசாகச் சிரித்தார். இரண்டு பேரில் யார் சொன்னதை எழுதிக்கொள்ளட்டும் என்று கேட்டார். நான் சொன்னதை என்றேன். மாதக் கடைசியில் மறுபடி கூப்பிடுகிறேன், அதற்குள் வீட்டில் பேசி ஒரே பதிலாக வைத்திருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அப்பா என்னை, லிஃப்ட் தானாக நடுமாடியில் நின்றுவிட்டால் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

அந்த இரண்டு கல்லூரியும் நீங்கள்தானா என்று கேட்டேன். ஒளிக்கவில்லை. "ஆமா, கூப்பிட்டுக் கேட்டாங்க, நான்தான் சொன்னேன். நல்ல மனுசங்க, தேங்க்ஸ் சொல்லிட்டு வெச்சாங்க" என்றார். என்னமோ நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி சொன்னார். அவரை உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு கட்டிடத்து லிஃப்ட்தான், ஒருத்தருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால் நடுவில் பெரிய ஹோட்டலிலிருந்து கூப்பிட்டாலும் போகமாட்டார், இதற்காகவே மேலதிகாரியிடம் எத்தனை பேச்சு வாங்கியிருக்கிறார். பதினோரு பேரும் நம்பி நாற்காலி போட்டுவைத்துக் காத்திருந்தால் பத்துப் பேரை ஏமாற்றினதாக ஆகாதா என்று கேட்டார். கல்லூரிக்காரர்கள் அப்படிக் காத்திருக்கமாட்டார்கள், பிள்ளைகள் பல இடத்துக்குப் போடுவார்கள் என்பது அவர்களுக்கே தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். தெரிஞ்சா அப்புறம் எதுக்குக் கேக்கறாங்க என்கிறார். கோபப்படவும் முடியவில்லை. உன் விண்ணப்பத்தைக் கெடுத்தது பொய்யாக இருந்தால் சண்டை போடலாம், உண்மையோடு எப்படிச் சண்டை போடுவது என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் பாதியில் நிறுத்தியிருப்பேன். சாயங்காலம் மோட்டாரைத் திரும்பப் பூட்டிக்கொண்டே, வர்ற சனிக்கிழமை ஒரு காலேஜுல லிஃப்ட் பார்க்கப் போகணும் என்றார். லைப்ரரி லிஃப்ட்டாம், ரொம்ப நாளாக மூன்றாம் மாடிக்கு மேல் போகாமல் நிற்கிறதாம், பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்களாம். கம்பெனி வேலையா என்று கேட்டேன், இல்லை, சும்மா ஒரு உதவி என்றார். எந்தக் கல்லூரி என்று கேட்டேன். மோட்டாருக்குள்ளேயே குனிந்துகொண்டு சொன்னார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கல்லூரி. நம் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். எதற்கும் இருக்கட்டும் என்று நீ பட்டியலில் கடைசியில் போட்டுவைத்தாயே, பாறைப் படிப்புக்கு ஒரே ஒரு அறையும் ஒரு பீரோவும் வைத்திருக்கிறார்கள் என்று நீயே கேலி செய்தாயே, அதே கல்லூரி. அவர்கள் லைப்ரரி லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்? அவர்களும் கூப்பிட்டிருக்கிறார்கள். இவரும் பேசியிருக்கிறார். இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள் என்று சொன்னவர் அவர்கள் லிஃப்ட்டை ரிப்பேர் செய்துதர வருகிறேன் என்று சொல்லியிருக்கமாட்டார். அவங்ககிட்டயும் பதினோரு எடம்னு சொன்னீங்களா என்று கேட்டேன். ஸ்குரூவைத் தேடுகிற மாதிரி செய்தித்தாளைத் தடவிக்கொண்டே இருந்தார். ஸ்குரூ அவர் வாயில்தான் இருந்தது. அப்புறம் அதை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அவங்க கேக்கல. நான் சொல்லல."

நான் அதற்குமேல் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. அந்த இரண்டு தூரத்துக் கல்லூரிக்கும் மலையடிக் கல்லூரிக்கும் அவர் சொன்னது நேர்மையா, இல்லை நேர்மையை முன்னால் நிறுத்திவைத்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டாரா என்று அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். உன் அறை ஜன்னலுக்குப் புது வலை அடித்திருக்கிறார். உன் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து வைத்திருக்கிறார். கேட்டால் தூசி படிந்திருந்தது என்பார். தனக்கே தெரியாமல்தான் செய்கிறார் என்று ஒரு நேரம் தோன்றுகிறது, எல்லாம் தெரிந்துதான் என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. என்னையும் நம்பிவிடாதே, அந்தச் சைக்கிளைப் பார்த்ததும் எனக்கும் நீ அதை ஓட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பி வருகிற மாதிரிதான் இருந்தது.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். ஃபைல் அண்ணனின் இருபத்துநாலும் வேண்டாம், அப்பாவின் ஒன்றே ஒன்றும் வேண்டாம். நீ ஒன்று செய். மீதி இருக்கிற ஒன்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து, மற்ற எல்லாரும் இல்லை என்று சொல்லி இது மட்டும் கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் பெட்டி கட்டுவாயா என்று கேட்டுப் பார். கட்டுவேன் என்றால் வை. மாட்டேன் என்றால் நீயே அவர்களுக்கு எழுதி எடுத்துவிடு, தோழி போட்டாள் என்று போட்டது, பெயர் நன்றாக இருக்கிறது என்று போட்டது எல்லாம் அதில் போய்விடும். ஐந்தோ ஆறோ எது நிற்கிறதோ அதுதான் உன் கணக்கு. மூடிவிட்ட இரண்டில் எதற்காவது மனம் அடித்துக்கொண்டால், வீட்டில் தவறுதலாகச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதிக் கேள், யார் என்று எழுதாதே. இதை அப்பாவிடமும் சொன்னேன், கூப்பிட்டால் போவாள் என்கிற இடத்தை மட்டும் வைத்துக்கொள்ளப்போகிறாள், அதில் யாரை ஏமாற்றுகிறோம் என்று கேட்டேன். அப்ப சரி என்றார், ஆனால் அந்த நெடுநாள் ஆசை வரியை மட்டும் ஒருத்தரைத் தவிர மற்ற எல்லாரிடமிருந்தும் எடுத்துவிடச் சொல் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. அந்த ஒருத்தர் யார் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்துக் கல்லூரியையும் இதே கேள்வி கேட்டுத்தான் வைக்கவேண்டும். அப்பாவுக்காக வைக்காதே, எனக்காகவும் வைக்காதே.

எந்த ஊர்த் தண்ணீரும் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளட்டும். எந்தக் கட்டிலில் படுத்தாலும் நல்ல தூக்கம் வரட்டும். நாலு பேர் முன்னால் பேசும்போது தொண்டை அடைக்கிற வியாதி என்னோடு நிற்கட்டும், உனக்கு வரவேண்டாம். மூக்கடைப்பு சளியாக இருந்தால் ஆவி பிடி, அழுகையாக இருந்தால் இந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படி. படித்துவிட்டு விடுதியில் கண்ட இடத்தில் போடாதே, உன் அறைத்தோழி நல்ல பெண்தான், இருந்தாலும்.

இவ்வளவும் சுற்றிச் சுற்றி எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். விண்ணப்பத்தில் பெற்றோர் தொடர்பு எண் என்ற இடத்தில் நீ அப்பா நம்பரைப் போட்டாய். உன் மேல் தப்பில்லை, அம்மா தெரியாத நம்பரை எடுக்கமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும், ஸ்கேன் சென்டர்காரர்கள் புது நம்பர் வாங்கினபோது அவர்கள் கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. இப்போது அதை மாற்று. நீ வைத்துக்கொள்ளும் கல்லூரிகளில் எல்லாம் என் நம்பரைப் போடு, மலையடிக் கல்லூரியில் முதலில் போடு, மாதக் கடைசி வருவதற்குள் போடு. போன் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருக்கும், அவர்களை வைத்துவிடாமல் இருக்கச் சொல். நான் எடுப்பேன். பக்கத்துக் கல்லூரிக்கு மட்டும் அப்பா நம்பரே இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா